நிறுத்தி வைப்பதற்கு எதற்கு வேன்?

துபாய், லண்டன், சிங்கப்பூர் என்று இருக்கும் நம்மாட்கள் ஊருக்குப் போன் பண்ணும்போது முன்பெல்லாம் வீட்டுக் கடன் வட்டி, என்.ஆர்.ஓ. கணக்கு, பிக்சட் டெபாசிட் பற்றித்தான் கேட்பார்கள். கொஞ்ச நாளாக இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "சார், இங்கே ஒரு பழைய கேம்பர் வேன் வச்சிருக்கேன். ரிடையர் ஆகி வரும்போது கப்பல்ல ஏத்திக் கொண்டு வந்துடலாமா? எவ்வளவு வரி கட்டணும்?"

வங்கி அதிகாரியிடம் ஏன் இதைக் கேட்கிறார்கள் என்று ஆரம்பத்தில் எனக்கும் புரியவில்லை. பணம் சம்பந்தப்பட்ட எதையும் வங்கிக்காரனிடம் கேட்கலாம் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. நானும் பி.காம். படித்தவன் ஆயிற்றே, தெரியாது என்று சொல்ல மனம் வராது. அதனால் சட்டத்தையும் தீர்ப்புகளையும் தேடிப் படித்தேன். படித்த பிறகு எனக்கு ஒரு அபிப்பிராயம் வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. வரி அதிகம் என்பது என் புகார் இல்லை. வரியை எல்லாம் வாங்கிக்கொண்டு, "சரி, இனி வண்டியை ஷெட்டில் வைத்துக்கொள்" என்கிறார்களே, அதுதான் என் புகார்.

திருவனந்தபுரத்தில் இந்தப் பேச்சு கொஞ்சம் கூடுதலாகவே அடிபடும். 1970களில் ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரை மார்க்கமாகவே வந்த ஹிப்பிகள் கடைசியில் படுத்துக் கிடந்த கடற்கரைகளில் நம் கோவளமும் ஒன்று. அவர்கள் ஓட்டி வந்ததில் பாதி ஃபோக்ஸ்வாகன் கோம்பி. 1979ல் ஈரானில் புரட்சி, அதே வருஷக் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. அந்தச் சாலை அத்தோடு மூடிக்கொண்டது. ஆனால் அந்த மாதிரி வண்டி மேல் உள்ள ஆசை மட்டும் இந்த ஊர்க்காரர்களுக்குப் போகவில்லை.

சாலைக் கடைத்தெருப் பக்கத்திலிருந்து எங்கள் கிளைக்கு வருகிற அண்ணாச்சி ஒருவர். பூர்வீகம் நாகர்கோவில், கரமனையில் வீடு, இங்கிலாந்தில் முப்பது வருஷ உத்தியோகம். அவரிடம் 1973 மாடல் கோம்பி இருக்கிறது. பிரிட்டிஷ் வண்டி என்பதால் ஸ்டியரிங் வலது பக்கம். உள்ளே படுக்கை, சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்போது வேல்ஸ், ஸ்காட்லாந்து எல்லாம் அதில்தான் போயிருக்கிறார்கள். "வரி எவ்வளவுன்னாலும் கெட்டிருவேன் சார். கன்னியாகுமரி வரைக்கும் ஓட்டிட்டுப் போக விடுவானா, அதைச் சொல்லுங்க" என்றார். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. மற்றவர்கள் எல்லாம் வரி எவ்வளவு என்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

முதலில் வண்டியை உள்ளே கொண்டுவர முடியுமா என்று பார்ப்போம். நம் இறக்குமதிக் கொள்கைப்படி, பழைய வண்டி என்றால் தயாரித்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். கொச்சியில் இறக்கி, வீட்டுக்கு ஓட்டி வந்துவிடலாம் என்று கனவு காணாதீர்கள். இன்னொரு பக்கம், 'விண்டேஜ்' என்று ஒரு தனிக் கதவு. 1950 ஜனவரி 1க்கு முன் தயாரான வண்டிகளை லைசென்ஸ் இல்லாமல் கொண்டுவரலாம் என்பது ரொம்ப காலம் இருந்த விதி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபோக்ஸ்வாகன் வேன் தொழிற்சாலையை விட்டு வெளியே வர ஆரம்பித்தது 1950 மார்ச்சில். டச்சுக்காரர் பென் போன் 1947ல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெட்டி மாதிரி கிறுக்கிய படம்தான் அதற்கு மூலம். ஆக, நம் அரசாங்கம் போட்ட கெடுவை அந்த வண்டி இரண்டே மாதத்தில் தவற விட்டது. உலகத்தில் ஓடிய, ஓடுகிற ஒரு கோம்பிகூட அந்தக் கதவு வழியாக வந்திருக்க முடியாது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லைதான். தேதியைக் கல்வெட்டாக எழுதி வைத்தால் இப்படித்தான் ஆகும்.

2025 பிப்ரவரியில் அதை மாற்றினார்கள். 50 வயது நிறைந்த வண்டி எதுவானாலும் வரலாம், ஒவ்வொரு வருஷமும் அந்த எல்லை தானாக ஒரு வருஷம் நகரும். வரவேற்க வேண்டிய மாற்றம்தான். அண்ணாச்சியின் 1973 வண்டிக்கு வழி பிறந்தது. ஆனால் மூன்று வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் நடுவில் இருக்கும் வண்டிகள்? 1990 மாடல் வேன் வைத்திருக்கும் ஆள் 2040 வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அவருக்கே விண்டேஜ் நம்பர் கொடுத்துவிடலாம்.

இப்போது வரி. கேம்பர் வேன், சுங்கத் தீர்வைப் பட்டியலில் லாரி பஸ்ஸோடு சேராது. ஆட்களை ஏற்றிச் செல்லும் கார் வகையான 8703 என்ற தலைப்பில்தான் வரும். அப்படியானால் காருக்குள்ள முழு வரியும் உண்டு. கணக்கு புரிவதற்காக ஒரு எளிய உதாரணம் போடுகிறேன். வண்டி விலை, கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 10 லட்சம் என்று வையுங்கள். சுங்கம் சுலபமாக இருக்கட்டும் என்று 100 சதவீதம் வைப்போம் (பழைய வண்டிக்கு உண்மை விகிதம் இதைவிடக் கூடுதல்). 20 லட்சம் ஆயிற்று. பெரிய கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அது 10 லட்சத்தின் மேல் இல்லை, சுங்கமும் சேர்ந்த 20 லட்சத்தின் மேல். 8 லட்சம். மொத்தம் 28. இதன் மேல் மாநிலத்தின் ஆயுள் வரி. விலை உயர்ந்த வண்டிக்குக் கேரளத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் போகும். வண்டியின் விலை என்று அவர்கள் கணக்கிடுவதில் கட்டிய சுங்கமும் அடக்கம். அப்படிப் போட்டால் 5 லட்சத்து 60 ஆயிரம். ஆக 10 லட்சம் வண்டி 33 லட்சத்து 60 ஆயிரத்தில் வந்து நிற்கிறது.

வரிக்கு மேல் வரி, அதற்கு மேல் வரி. கல்லூரியில் கூட்டு வட்டி சொல்லிக்கொடுத்த வாத்தியார் இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

இன்னொரு கொடுமை தேய்மானம். நாடு திரும்புகிறவர்கள் கொண்டுவரும் பழைய வண்டிக்கு மதிப்புப் போடும்போது, முதல் வருஷம் காலாண்டுக்கு 4 சதவீதம், அடுத்து 3, பிறகு இரண்டரை, அதற்குப் பின் 2 என்று கழித்துக்கொண்டே போய், மொத்தம் 70 சதவீதத்தோடு நிறுத்துவது சுங்கத்துறையின் பழக்கம். சாதாரணக் காருக்கு இது நியாயம். விண்டேஜ் வண்டிக்கோ வருஷம் போகப் போக விலை ஏறும். பெயிண்ட் உரிந்த கோம்பிக்கு ஐரோப்பாவில் புதுக் கார் விலை கேட்கிறார்கள். வாங்கிய பழைய ரசீதில் இருக்கும் தொகையைக் காட்டி, "இதுக்குத்தான் வாங்கினேன்" என்றால் அதிகாரி ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

நுழைவு வரி என்று இன்னொன்று இருந்தது. அதன் கதை கேரளத்தில்தான் ஆரம்பம். 1994ல் இங்கே ஒரு சட்டம் போட்டார்கள். வெளி மாநிலத்தில் விற்பனை வரி குறைவாக இருக்கிறது என்று அங்கே கார் வாங்கி இங்கே ஓட்டுகிறவர்களைப் பிடிக்க வந்த சட்டம் அது. வெளிநாட்டிலிருந்து வண்டி வரவழைத்த பாதிரியார் வில்லியம் பெர்னாண்டஸிடமும், நுழைவு வரி கட்டினால்தான் பதிவு என்றார்கள். சுங்கம் கட்டியாகிவிட்டது, இறக்குமதிப் பொருளுக்கு வரி போடும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டும்தான் என்பது வாதம். கேரள உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மாநில அரசு விடவில்லை. டெல்லிக்குப் போனது. வழக்கு அங்கேயே கிடந்து, 2017 அக்டோபர் 9ந் தேதி நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, அசோக் பூஷண் அமர்வு தீர்ப்புச் சொன்னது: நாட்டுக்குள் இறக்குமதியாவது வேறு, ஊருக்குள் நுழைவது வேறு, மாநிலம் வரி போடலாம்.

அரசு ஜெயித்தது. ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்பே, 2017 ஜூலை 1ந் தேதி ஜி.எஸ்.டி. வந்து நுழைவு வரியை விழுங்கிவிட்டது. பிள்ளை பிறந்தபோது தகப்பன் இல்லை என்பது போல.

அந்தக் கேரளத் தீர்ப்பை நம்பித்தான் தமிழ்நாட்டிலும் பலர் நீதிமன்றம் போய் வரி கட்டாமல் இருந்தார்கள். நடிகர் விஜய் 2012ல் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ரோல்ஸ் ராய்ஸ் விவகாரம் எல்லோருக்கும் தெரியும். 2021 ஜூலையில் தனி நீதிபதி மனுவைத் தள்ளி, ஒரு லட்சம் அபராதம் போட்டு, கடுமையாக நாலு வார்த்தையும் சொன்னார். மேல்முறையீட்டில் அபராதத்துக்குத் தடை கிடைத்தது, பிறகு அந்த வார்த்தைகளையும் நீக்கினார்கள். அன்றைக்கு எல்லோரும் "நடிகர் வரி கட்டவில்லை" என்பதை மட்டும் பேசினார்கள். ஒரு கணக்குப்பிள்ளையாக என் கண்ணில் பட்டது வேறு. கட்ட வேண்டிய வரி எட்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. தாமதத்துக்கு இலாகா கேட்ட அபராதம் முப்பது லட்சத்துக்கு மேல். ஒரு உயர்நீதிமன்றம் 'வரி இல்லை' என்று சொன்னதை நம்பி இருந்தவனிடம், வருஷங்கள் கழித்து 'உண்டு' என்று தீர்ப்பு மாறியதும், அசலைப் போல நாலு மடங்கு கேட்பது எந்த ஊர் நியாயம்? ரோல்ஸ் ராய்ஸ்காரர் தாங்குவார். பென்ஷன் பணத்தில் வேன் கொண்டுவருகிற ஆள் தாங்குவாரா?

வரி ஒரு வழியாகக் கட்டியாயிற்று. பதிவு? 2021 ஜூலையில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய இரு சக்கர, நாலு சக்கர வண்டிகள், சேஸிஸ், பாடி, இன்ஜின் எல்லாம் அசல் நிலையில் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். இறக்குமதி வண்டிக்குப் பில் ஆஃப் என்ட்ரி, இன்ஷூரன்ஸ், 20,000 ரூபாய் கட்டணத்தோடு படிவம் 20ல் விண்ணப்பம். 60 நாளில் சான்றிதழ். பத்து வருஷத்துக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. நம்பரில் மாநில எழுத்துக்கு அடுத்து 'வி.ஏ.' என்று வரும். இதுவரை எல்லாம் தெளிவு, நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். அதற்கு அடுத்த விதியில்தான் வில்லங்கம். இந்த வண்டியைத் தினசரி உபயோகத்துக்கோ வாடகைக்கோ ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்குப் போகலாம். விண்டேஜ் ராலிக்குப் போகலாம். ஆராய்ச்சிக்குப் போகலாம். பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாம்.

குழந்தை குட்டிகளோடு கன்னியாகுமரி போகலாம் என்று எங்கேயும் இல்லை.

1930ம் வருஷத்து ரோல்ஸ் ராய்ஸுக்கு இந்த விதி பொருந்தும். அது பார்க்கத்தான், மகாராஜா வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கத்தான். கேம்பர் வேனுக்கு நிற்பது பிழைப்பே இல்லை. போய்க்கொண்டே இருப்பதற்காகவே படுக்கையும் அடுப்பும் வைத்துச் செய்த வண்டி அது. அதைக் காட்சிப் பொருள் ஆக்குவது, அம்மிக்கல்லை ஷோகேஸில் வைத்துப் பூட்டுகிற மாதிரி.

விண்டேஜ் கணக்கில் வேண்டாம், சாதாரண வண்டியாகவே பதிந்துகொள்கிறேன் என்று சொல்லலாமா? இன்றைய புகை விதிகளுக்கு 1973 இன்ஜின் எங்கே நிற்கும்! ஏற்கனவே இந்தியாவில் பதிவாகி ஓடிக்கொண்டிருக்கும் பழைய இறக்குமதி வண்டிகளுக்கே கதவு ஒவ்வொன்றாகச் சாத்துகிறார்கள். 15 வருஷம் கடந்த இறக்குமதிக் காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 40,000 ரூபாய். 2025 ஆகஸ்டில், 20 வருஷம் கடந்திருந்தால் 80,000 என்றார்கள். உள்ளூர்க் காருக்கு 10,000. புகை இரண்டிலும் ஒன்றுதான் வருகிறது. கேரள அரசும் 2025 பட்ஜெட்டில் 15 வருஷம் தாண்டிய வண்டிகளின் வரியை 50 சதவீதம் ஏற்றியது.

சரி, வழி இல்லாத இடத்தில் மனிதன் என்ன செய்வான்? குறுக்கு வழி தேடுவான். இந்த விஷயத்தில் கேரளத்தின் சரித்திரம் கொஞ்சம் பெரிது. 2017ல் வெடித்த புதுச்சேரி விவகாரம் ஞாபகம் இருக்கும். கோடி ரூபாய் காருக்கு இங்கே சுமார் 20 லட்சம் ஆயுள் வரி, புதுச்சேரியில் இரண்டு லட்சத்துக்குள் முடிந்துவிடும். அங்கே குடியே இல்லாதவர்கள் வாடகை வீட்டு முகவரி காட்டிப் பதிந்துகொண்டு இங்கே ஓட்டினார்கள் என்று சினிமாக்காரர்கள் பெயரெல்லாம் அடிபட்டது. சிலர் பிறகு இங்கே வரி கட்டினார்கள். சிலர் மேல் வழக்கு நடந்தது.

அடுத்தது 2025 செப்டம்பர் 23. கொச்சிச் சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்று பெயர் வைத்துக் கேரளம் முழுக்கச் சோதனை போட்டது. நும்கோர் என்றால் பூட்டானின் ஜோங்கா மொழியில் வண்டி. பூட்டான் வழியாகத் தீர்வை கட்டாமல் பழைய லேண்ட் குரூசர், டிஃபெண்டர் எல்லாம் உள்ளே வந்தன, ராணுவம், தூதரகம் பெயரில் போலிக் காகிதம் தயாரித்து வடக்கே பதிவு செய்து கேரளத்தில் விற்றார்கள் என்பது சுங்கத்துறையின் குற்றச்சாட்டு. முதல் நாளே 36 வண்டிகளைப் பிடித்தார்கள். நடிகர்கள் வீடுகளிலும் சோதனை நடந்தது. நல்ல விலை கொடுத்து, ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து நம்பித்தான் வாங்கினோம் என்று சொல்லி நீதிமன்றம் போனவர்களும் உண்டு. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நம்மாட்கள் கவனிக்க வேண்டியது வேறு. காகிதம் போலி என்றால், நடுவில் எத்தனை கை மாறியிருந்தாலும், வண்டி நிற்கிற இடம் உங்கள் வீட்டு வாசல். வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். கொடுத்த பணம் தரகரோடு போய்விடும்.

ஆகவே, "கோயம்புத்தூர்ல ஒரு பார்ட்டி இருக்காரு, ஹிமாச்சல் நம்பர்ல கோம்பி கிடைக்கும், பேப்பர் எல்லாம் பக்கா" என்று யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். வங்கியில் இத்தனை வருஷத்தில் நான் பார்த்தது, பக்கா என்று வாயால் சொல்லப்படும் பேப்பர் எதுவும் பக்காவாக இருந்ததில்லை.

இந்தக் குறுக்கு வழிக்காரர்கள் மேல் எனக்கு இரக்கம் கிடையாது. நான் கரூர்க்காரன். டி.என். 47 நம்பர் காரோடு மாற்றலாகி இங்கே வந்தேன். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த ஊர் நம்பர் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47வது பிரிவு. என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, கே.எல். 01 நம்பர் மாட்டியிருக்கிறேன். கரமனைப் பாலத்தில் குழியில்லாமல் ரோடு வேண்டும் என்று கேட்கிறவன் அந்த ரோட்டுக்குக் காசு கட்ட வேண்டும், அவ்வளவுதான். என் மனைவிக்கு மட்டும் அந்த 47ஐக் கழற்றியதில் வருத்தம். ஊர் நம்பர் போனதில் ஊரே போன மாதிரி என்றாள்.

(நம்பர் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உத்ராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1950களில் 12,000 ரூபாய்க்கு ஒரு பென்ஸ் வாங்கினார். அதன் நம்பர் 'கேன் 42', கர்நாடகப் பதிவு. கடைசி வரை இந்த ஊரில் அந்த வண்டியைத் தெரியாதவர் இல்லை. ராஜாவின் காரே வெளியூர் நம்பரில் ஓடிய ஊர் இது!)

ஆனால் நேர் வழியில் வருகிறவனுக்கு ஒரு வழி காட்ட வேண்டாமா? அண்ணாச்சி விஷயத்தில் அரசாங்கம் நஷ்டப்பட ஒன்றுமே இல்லை. சுங்கம் வருகிறது, ஜி.எஸ்.டி. வருகிறது, ஆயுள் வரி வருகிறது. அத்தனையும் கொடுத்துவிட்டு மாதம் ஒரு தடவை வாகமண் போக விடு என்கிறார். இதற்கு 'இல்லை' என்று சொல்லும் சட்டம், பூட்டான் வழிக்காரனுக்கு மறைமுகமாக உதவி செய்கிறது. அவன் வண்டி சாதாரண நம்பரில் ஜம்மென்று ஊர் சுற்றுகிறது, ஒழுங்காக வரி கட்டிய வண்டி 'வி.ஏ.' பலகை மாட்டிக்கொண்டு ஷெட்டில் நிற்கிறது.

மற்ற நாடுகளில் எப்படி என்று பார்த்தால் கோபம் கூடும். பிரிட்டனில் 40 வயது தாண்டினால் ரோடு வரி பூஜ்யம், பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு வருஷாந்திரச் சோதனையும் வேண்டாம், தினமும் ஓட்டலாம். ஜெர்மனியில் 30 வயது தாண்டிய வண்டிக்கு நம்பர் கடைசியில் 'எச்' எழுத்து, காருக்கு வருஷத்துக்கு 191 யூரோ சொச்சம் என்று ஒரே வரி, தாராளமாக ஓட்டலாம். அதெல்லாம் பணக்கார நாடு, நம் நெரிசலுக்கு ஒத்துவராது என்பீர்கள். சரி, சிங்கப்பூரைப் பாருங்கள். காரே வேண்டாம், பஸ்ஸில் போ என்று குடிமக்களை விரட்டுகிற அரசாங்கம் அது. அங்கேயும் 35 வயது தாண்டிய வண்டிக்கு ஒரு திட்டம் வைத்து வருஷத்துக்கு 45 நாள் ரோட்டில் ஓட்ட விடுகிறார்கள்.

இதைத்தான் நான் கேட்கிறேன். வி.ஏ. பதிவு உள்ள வண்டிக்கு வருஷத்துக்கு 45 நாள் கொடுங்கள். எந்த நாள் என்பதை இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லுங்கள், நாளுக்கு 500 ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 45 நாள் ஓடுகிற நாலைந்து பழைய வேன்களின் புகையால் திருவனந்தபுரத்தின் காற்று கெட்டுவிடாது. ஆயுள் வரியையும் மொத்தமாக வாங்காமல் இரண்டிரண்டு வருஷமாக வாங்கலாம். அது ஒன்றும் புதுசு இல்லை. எங்களைப் போல மாற்றல் உத்தியோகக்காரர்களுக்காக 2021 செப்டம்பரில் வந்த 'பி.எச்.' வரிசையில் அப்படித்தான் வாங்குகிறார்கள். அறுபத்தைந்து வயதில் வேன் கொண்டுவருகிறவரிடம் 15 வருஷ வரியை முன்கூட்டி வாங்குவது எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை.

கேரளத்துக்கு இதைக் கேட்க வேண்டிய காரணம் கூடுதலாக இருக்கிறது. 2021ல் 'கேரவன் கேரளா' என்று சுற்றுலாக் கொள்கை அறிவித்தது இந்த மாநிலம்தான். முதல் நூறு கேரவன்களுக்கு ஏழரை லட்சம் அல்லது 15 சதவீதம், எது குறைவோ அது மானியம் என்றார்கள். வாகமணில் கேரவன் பார்க்கும் திறந்தார்கள். அரசு காசு கொடுத்து வண்டி வாங்கச் சொல்கிறது, வண்டி நிறுத்த இடம் கட்டுகிறது. சொந்தக் காசில் வேன் கொண்டுவந்து, வரியும் கொடுக்கிறவனுக்கு அந்தப் பார்க்குக்குள் போக அனுமதி இல்லை. ஒரு இலாகா எழுதுவதை இன்னொரு இலாகா படிக்கும் வழக்கம் நம் நாட்டில் எப்போதுமே கிடையாது.

இதற்கிடையில், விதி மாறும் வரை என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: ஊர் சுற்றுவதுதான் ஆசை என்றால் அந்தப் பணத்தில் பாதியில் இங்கேயே ஒரு கேரவன் வாங்கலாம். ஏ.ஐ.எஸ். 124 என்ற தர விதிப்படி அங்கீகாரம் பெற்றதாகப் பார்த்து வாங்குங்கள். டெம்போ டிராவலர் வாங்கி, நம் பக்கத்து ஒர்க்ஷாப்பில் கட்டில் அடித்துக்கொள்ளலாம் என்று மட்டும் போகாதீர்கள். கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் கேரளத்திலிருந்து போன வழக்குதான். இங்கே ஆர்.டி. ஆபீஸ்காரர்கள் இந்த விஷயத்தில் ரொம்ப உஷார்.

வண்டியின் மேல்தான் பாசம் என்றால், கொஞ்ச நாளைக்கு மட்டும் கொண்டுவர ஒரு வழி உண்டு. 'கார்னே' என்று ஒரு புத்தகம். வெளிநாட்டில் உள்ள ஆட்டோமொபைல் சங்கம் பிணை நிற்கும், நீங்கள் அவர்களிடம் பெரிய தொகை ஜாமீன் கட்ட வேண்டும். வரி கட்டாமல் வண்டியைக் கொண்டுவந்து, ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொண்டுபோய்விட வேண்டும். போகாவிட்டால் முழுச் சுங்கமும் அந்தச் சங்கத்திடம் கேட்பார்கள், சங்கம் உங்கள் ஜாமீனைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் பாஷையில் சொன்னால் பேங்க் கேரண்டி மாதிரி. இது வெளிநாட்டில் குடியிருக்கிறவர்களுக்கான வசதி. நிரந்தரமாக ஊர் திரும்பி, ஆதாரும் வீட்டு ரேஷன் கார்டும் கையில் வைத்துக்கொண்டு கார்னேயில் வண்டி கொண்டுவந்தால், கேள்வி கேட்கத்தான் செய்வார்கள்.

இரண்டும் வேண்டாம், என் வண்டியே வேண்டும், ஷெட்டில் நின்றாலும் சரி என்கிறவர்கள், கப்பல் ஏற்றும் முன்பே மூன்று காகிதங்களைத் தயார் செய்துகொள்ளுங்கள். முதல் பதிவுத் தேதி தெளிவாகத் தெரியும் அந்த நாட்டுப் பதிவுச் சான்று (50 வருஷக் கணக்கு அதை வைத்துத்தான்), சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் அசல்தான் என்று ஏதாவது ஒரு கிளப்போ தயாரிப்பாளரோ கொடுத்த கடிதம், நீங்கள் பணம் கொடுத்ததற்கான வங்கி ஆதாரம். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் தொலைத்துவிடுவார்கள். இன்ஜின் மாற்றிய வண்டி என்றால் பேசாமல் அங்கேயே விற்றுவிடுங்கள், அசல் நிலை இல்லை என்று இங்கே விண்டேஜ் பதிவே கிடைக்காமல் போகலாம். இந்த வேனுக்கு வங்கிக் கடன் கேட்டு யாரும் வராதீர்கள். ரோட்டில் ஓட்டக் கூடாத வண்டிக்கு எந்த மேனேஜரும் கையெழுத்துப் போட மாட்டார், நானும்தான்.

அண்ணாச்சி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப ராலி எப்பம்லாம் நடக்குன்னு ஒரு லிஸ்ட் எடுத்துத் தாங்க சார், அதுக்காவது போவோம்" என்றார்.